கேபிபிசி3510 பிரிட்ஜ் ரெக்டிஃபையர்: 35 ஆம்பியர் என்ற எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பேட்டரி சார்ஜர், பெரிய ஆடியோ ஆம்ப்ளிஃபையர், டிசி மோட்டார் ஓட்டும் பெட்டி என எதைத் திறந்தாலும் ஹீட்சிங்கோடு (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) ஒட்டிக்கொண்டு ஒரு சதுரக் கட்டை உட்கார்ந்திருக்கும். பக்கத்துக்குச் சுமார் 28 மில்லிமீட்டர், நடுவில் ஒரு ஸ்க்ரூ ஓட்டை, மேலே நான்கு தகடு முனைகள். அதுதான் கேபிபிசி3510. ஏசியை டிசியாக மாற்றும் வேலைக்கு இதைவிடப் பரவலாகக் கிடைக்கும் பாகம் குறைவு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல தயாரிப்பாகக் கிடைத்தால் அருமையான பொருள். ஆனால் மேலே அச்சடித்திருக்கும் 35 ஆம்பியரை அப்படியே நம்பி வேலை கொடுத்தால் எரியும். 15 முதல் 20 ஆம்பியர் தாங்கும் சாமான் என்று நினைத்து, ஒழுங்காக ஹீட்சிங்கில் இறுக்கினால் வருடக்கணக்கில் உழைக்கும்.

பெயரிலேயே கணக்கு இருக்கிறது. 35 என்பது ஆம்பியர், கடைசி 10 என்பது 1000 வோல்ட். 3506 என்றால் அதே கரண்ட், 600 வோல்ட். 2510 என்றால் 25 ஆம்பியர், 1000 வோல்ட். இந்த வோல்ட் கணக்கு, உள்ளே இருக்கும் டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) தலைகீழாக நிற்கும்போது திரும்பத் திரும்பத் தாங்கக்கூடிய உச்ச மின்னழுத்தம். 230 வோல்ட் லைனின் உச்சம் சுமார் 325 வோல்ட். அதற்கு 400 வோல்ட் போதும் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் லைனில் மோட்டார்களும் கான்டாக்டர்களும் அணையும்போது எழும் மின்னல் போன்ற துள்ளல்களுக்கு அது பற்றாது. 1000 வோல்ட் ரகத்தை வாங்குவதே சரி. ஏசி முனைகளுக்குக் குறுக்கே 275 வோல்ட் எம்ஓவி (மின்னழுத்தத் துள்ளலை விழுங்கும் பாகம்) ஒன்றையும் போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி.

உள்ளே இருப்பது நான்கே நான்கு டயோடு. ஒவ்வொரு ஏசி முனையிலிருந்தும் ஒரு டயோடு பிளஸை நோக்கிப் போகும். மைனஸிலிருந்து ஒவ்வொரு ஏசி முனைக்கும் ஒரு டயோடு வரும். முதல் அரைச் சுற்றில் ஏசி-1 உயர்ந்து நிற்கும்போது கரண்ட் அங்கிருந்து பிளஸுக்கு ஏறி, லோடு (மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சாதனம்) வழியாகப் போய், மைனஸில் இறங்கி, ஏசி-2க்குத் திரும்பும். அடுத்த அரைச் சுற்றில் ஏசி-2 உயரும், மற்ற இரண்டு டயோடு வேலை செய்யும். லோடைப் பொறுத்தவரை இரண்டு முறையும் கரண்ட் ஒரே திசைதான். அதனால்தான் 50 ஹெர்ட்ஸ் லைனில் ரெக்டிஃபையருக்குப் பின்னால் வரும் அலை 100 ஹெர்ட்ஸ். இந்த 100ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பழுது பார்க்கும்போது இது பேசும்.

எந்த நேரத்திலும் இரண்டு டயோடு வரிசையாக வேலை செய்கின்றன என்பதுதான் இந்தப் பொருளின் பலவீனமும். ஒரு டயோடில் 0.9 முதல் 1.1 வோல்ட் என்றால், இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 2 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். உச்சம் 17 வோல்ட். கெப்பாசிட்டரில் ஏறுவது 15 வோல்ட் சொச்சம். அது பரவாயில்லை. 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் உச்சமே எட்டரை வோல்ட்தான், அதில் 2 வோல்ட் போனால் நாலில் ஒரு பங்கு சூடாகவே வீணாகிறது. அந்த மாதிரி இடத்துக்கு இந்தக் கட்டை வேண்டாம். மின்னழுத்தம் குறைவாக விழும் ஷாட்கி டயோடுகளோ, நடு முனை எடுத்த டிரான்ஸ்ஃபார்மரும் இரண்டு டயோடுமோ பொருத்தம். நடு முனை முறையில் ஒவ்வொரு டயோடும் உச்சத்தைப் போல இரண்டு மடங்கு தலைகீழ் மின்னழுத்தம் தாங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இப்போது 35 ஆம்பியருக்கு வருவோம். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டா ஷீட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: அடித்தகடு 55 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 ஆம்பியர், இரண்டு டயோடு, ஒவ்வொன்றிலும் 1.1 வோல்ட் என்றால் 77 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்னைவிட அதிகம், அதுவும் தீப்பெட்டி அளவு இடத்திலிருந்து. சுற்றுப்புறம் 40 டிகிரி இருந்தால், அடித்தகட்டை 55க்குள் வைக்க ஹீட்சிங்குக்குக் கிடைப்பது வெறும் 15 டிகிரி இடைவெளி. 15ஐ 77ஆல் வகுத்தால் வாட்டுக்கு 0.2 டிகிரி. ஃபேன் இல்லாத ஹீட்சிங்கில் அது நடக்கிற காரியம் இல்லை. அடித்தகடு 100 டிகிரியைத் தொட்டால் தாங்கும் கரண்ட் சுமார் 18 ஆம்பியராகக் குறைகிறது. உள்ளே இருக்கும் சிலிக்கான் 150 டிகிரியைத் தாண்டக்கூடாது, அதனால்தான் இந்தக் குறைப்பு.

அதுவே 15 ஆம்பியர் எடுத்தால் சூடு 28 வாட் சொச்சம். சுற்றுப்புறம் 40, அடித்தகடு 90 வரை போகலாம் என்று வைத்தால் 50 டிகிரி இடைவெளி. வாட்டுக்கு 1.8 டிகிரி தரும் ஹீட்சிங்க் போதும், சாதாரண ரிப் வைத்த அலுமினியத் துண்டு அதைச் செய்துவிடும். அதனால்தான் 15, 20 என்று சொல்கிறோம். இதே அளவில், இதே முனைகளோடு, இதே ஓட்டையோடு 5010 என்ற 50 ஆம்பியர் ரகமும் கிடைக்கிறது. உள்ளே சிலிக்கான் துண்டு பெரிது என்பதால் அதே கரண்டில் கொஞ்சம் குறைவாகச் சுடும். ஆனால் 50 ஆம்பியரில் 100 வாட்டுக்கு மேல் வரும் சூட்டை இந்தச் சின்ன அடித்தகடு வழியாக வெளியேற்றுவது இன்னும் கடினம். 20 ஆம்பியருக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று 5010 வாங்கினால் அது நல்ல முடிவு. 50 ஆம்பியர் ஓட்ட வாங்கினால் ஏமாற்றம்தான்.

பொருத்துவதில்தான் பாதிப் பழுதும் பிறக்கிறது. அடித்தகடும் ஹீட்சிங்கும் தொடும் இடத்தில் பெயின்ட் இருக்கக்கூடாது, பிசிர் இருக்கக்கூடாது. தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக, கீழே இருக்கும் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்குப் போதும். அப்பிவிட்டால் அதுவே சூட்டுக்குத் தடை. நடு ஓட்டையில் 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, ஸ்ப்ரிங் வாஷரோடு. இறுக்கம் சுமார் 2 நியூட்டன் மீட்டர். கை பலத்தை எல்லாம் காட்டினால் அடித்தகடு வளையும், உள்ளே சிலிக்கான் விரிசல் விடும். மின்காப்புக்காக இடையில் மைக்கா தகடு தேவையில்லை. முனைகளுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே 2500 வோல்ட் தாங்கும் காப்பு உள்ளேயே இருக்கிறது. இந்த வசதிக்காகவே இதைப் பாராட்டலாம்.

மேலே இருக்கும் 6.3 மில்லிமீட்டர் தகடுகளில் லக் (வயர் நுனியில் பொருத்தும் உலோகச் செருகி) செருகித்தான் பெரும்பாலும் இணைப்பார்கள். அந்த லக் தளர்வாக இருந்தால், டயோடு நன்றாக இருக்கும்போதே முனை பழுப்பாகிக் கருகும். பழைய பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: நான்கு முனைகளில் ஒன்று மட்டும் நிறம் மாறி, அதன் பிளாஸ்டிக் உறை உருகிச் சுருண்டிருந்தால், குற்றவாளி லக். கட்டையை மாற்றி, அதே லக்கைத் திரும்பச் செருகினால் புதியதும் அதே வழியில் போகும். 20 ஆம்பியருக்கு மேல் லக்கை நம்ப வேண்டாம், வயரைத் தகட்டில் சுற்றி சால்டர் செய்யுங்கள். பெரிய அயர்ன் வைத்துச் சட்டென்று முடிக்க வேண்டும். சின்ன அயர்னை ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

முனைகளை அடையாளம் காண, பக்கச் சுவரில் பொறித்திருக்கும் குறிகளைப் பாருங்கள். அவை அழிந்திருந்தாலும் வழி உண்டு. நான்கு தகடுகளில் மூன்று ஒரே பக்கம் பார்க்கும், ஒன்று மட்டும் குறுக்கே திரும்பி நிற்கும். அது பிளஸ். பல தயாரிப்புகளில் அந்த மூலை மட்டும் வெட்டியும் இருக்கும். பிளஸுக்கு நேர் மூலை மைனஸ். மற்ற இரண்டும் ஏசி, எது முதல் எது இரண்டு என்ற பேதமில்லை.

சோதிப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, கெப்பாசிட்டரைக் காலி செய்ய வேண்டும். லைனிலிருந்து நேராக ரெக்டிஃபை செய்யும் பெட்டியில் 325 வோல்ட் உள்ளே காத்திருக்கும், ஆளை வீழ்த்தும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இரண்டு முனைக்கும் குறுக்கே சில நொடிகள் பிடித்து, டிசி வோல்ட்டேஜை அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை உறுதி செய்த பிறகு கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்வது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

பிறகு நான்கு வயரையும் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை டயோடு மோடில் வையுங்கள். சிவப்பு புரோப் மைனஸில், கருப்பு புரோப் முதலில் ஒரு ஏசியில், அடுத்து மற்ற ஏசியில். இரண்டிலும் 0.45 முதல் 0.55 வோல்ட் அளவில் ஒரே மாதிரி எண் வரவேண்டும். இப்போது கருப்பு புரோப் பிளஸுக்குப் போகட்டும், சிவப்பு புரோப் இரண்டு ஏசியையும் மாறி மாறித் தொடட்டும். அதே எண். சிவப்பு மைனஸில், கருப்பு பிளஸில் வைத்தால் இரண்டு டயோடும் வரிசையாக வரும், எண் இரட்டிப்பாகி 0.9லிருந்து 1.1க்குள் நிற்கும். இவை ஒவ்வொன்றையும் புரோப் மாற்றிப் பிடித்தால் ஓஎல், அதாவது கரண்ட் போகவில்லை என்று மீட்டர் காட்டும் குறி. இரண்டு ஏசி முனைகளுக்கு இடையில் எப்படிப் பிடித்தாலும் ஓஎல், ஏனென்றால் எந்தத் திசையில் போனாலும் வழியில் ஒரு டயோடு முதுகைக் காட்டி நிற்கிறது. கடைசியாக, மீட்டரை மிக உயர்ந்த ஓம்ஸ் ரேஞ்சுக்கு மாற்றி ஒவ்வொரு முனைக்கும் அடித்தகட்டுக்கும் இடையே பாருங்கள். எதுவும் காட்டக்கூடாது.

வயரைக் கழற்றாமல் சோதித்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இதில் ஏமாந்து நல்ல கட்டையைக் குப்பையில் போடுவது சகஜம். டிரான்ஸ்ஃபார்மர் சுருள் இணைந்திருந்தால் இரண்டு ஏசி முனைகளும் சில ஓம்களில் ஒன்றாகிவிடும், ஷார்ட் என்று மீட்டர் கூவும். அது சுருளின் குரல், டயோடுடையது இல்லை. அதேபோல் ஒரு டயோடு உண்மையிலேயே ஷார்ட் ஆகியிருந்தால் சுருள் வழியாக அதன் ஜோடியும் ஷார்ட்டாகத் தெரியும். கெப்பாசிட்டர் இணைந்திருந்தால் பிளஸ், மைனஸ் இடையே எண் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறிக்கொண்டே போகும். மீட்டர் அதைச் சார்ஜ் செய்கிறது, அவ்வளவுதான்.

டயோடு மோடில் தேறியது என்பதற்கு, டயோடு உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். வேலைக்குத் தகுதியா என்பது வேறு கேள்வி. மீட்டர் அனுப்புவது ஏறக்குறைய ஒரு மில்லி ஆம்பியர், இரண்டு மூன்று வோல்ட். இந்தக் கட்டை பார்க்கப்போவதோ பத்து ஆம்பியர், நூற்றுக்கணக்கான வோல்ட். இந்த இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

கரண்ட் சோதனைக்கு 12 வோல்ட் பேட்டரியும் 55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் பல்பும் போதும். பேட்டரி பிளஸை ஏசி-1இல் கொடுங்கள். கட்டையின் பிளஸிலிருந்து பல்புக்கு, பல்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு. பேட்டரிக்குப் பக்கத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். பல்பு எரியும்போது சுமார் 4 ஆம்பியர் ஓடும். அப்போது ஏசி-1க்கும் பிளஸுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்தால் 0.75லிருந்து 0.9 வோல்ட் வரை வரும். புரோப் நுனி லக்கில் இல்லாமல் கட்டையின் தகட்டிலேயே படவேண்டும். அடுத்து ஏசி-2. கீழ் ஜோடிக்கு, பேட்டரி பிளஸைக் கட்டையின் மைனஸில் கொடுத்து, ஏசி முனையிலிருந்து பல்புக்கு எடுங்கள். நான்கு எண்களும் 20, 30 மில்லி வோல்ட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் தனியாக உயர்ந்து நின்றால் உள்ளே சால்டர் விட்டிருக்கிறது, அல்லது சிலிக்கான் விரிசல். அடுத்த கடும் கோடையில் போகப்போவது அதுதான்.

வோல்ட்டேஜ் சோதனைக்கு மெக்கர், அதாவது உயர் மின்னழுத்தம் கொடுத்துக் காப்பை அளக்கும் மீட்டர். 500 வோல்ட் ரேஞ்சில், மெக்கரின் பிளஸ் முனை கட்டையின் பிளஸில், மைனஸ் முனை முதலில் ஒரு ஏசியில், அடுத்து மற்ற ஏசியில். பிறகு மெக்கரின் மைனஸ் கட்டையின் மைனஸில், பிளஸ் இரண்டு ஏசியிலும் மாறி மாறி. 25 டிகிரியில் டேட்டா ஷீட் அனுமதிக்கும் கசிவு 10 மைக்ரோ ஆம்பியருக்குள்தான், ஆக 50 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். நல்ல கட்டை அதையும் தாண்டிப் போகும். பூஜ்யம் காட்டினால் உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பழைய மெக்கர்களில் எர்த் முனைதான் பிளஸ், லைன் முனை மைனஸ். வயரை மாற்றிப் பிடித்துப் பாருங்கள். மாற்றிப் பிடித்தும் சில மெகா ஓமில் நின்றால், டயோடு மோடில் அழகாகத் தேறிய அந்தக் கட்டை ஃபியூஸை எரிப்பது ஏன் என்று புரிந்துவிடும்.

போலிச் சரக்கும் இந்தச் சோதனைகளில்தான் மாட்டும். மேலே 3510 என்று அச்சடித்து, உள்ளே சின்ன சிலிக்கான் துண்டு வைத்து விற்பது நடக்கிறது. சின்னத் துண்டில் அதே கரண்டுக்கு மின்னழுத்தம் அதிகம் விழும். ஒரே மீட்டரில் 1என்4007 போன்ற ஒரு ஆம்பியர் டயோடையும் இந்தக் கட்டையையும் அடுத்தடுத்து டயோடு மோடில் பாருங்கள். பெரிய துண்டு உள்ள கட்டை தெளிவாகக் குறைவான எண் காட்ட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்றால் சந்தேகப்படுங்கள். எடையும் ஒரு சாட்சி. உலோக உறை ரகத்துக்கு டேட்டா ஷீட்கள் சுமார் 30 கிராம் சொல்கின்றன. பிளாஸ்டிக் உறை ரகம் அதைவிடக் குறையும், ஆனாலும் கையில் கனம் தெரியும். அடித்தகட்டைத் திருப்பிப் பிடித்து, ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் தகடு குழிந்திருக்கிறது, எவ்வளவு பேஸ்ட் போட்டாலும் அது ஹீட்சிங்கில் ஒழுங்காக உட்காராது.

பழுது வரும்போது இரண்டு முகம். ஒரு டயோடு ஓப்பன் ஆனால் பெட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதனாலேயே கண்டுபிடிப்பது கடினம். லோடு இல்லாமல் அளந்தால் வோல்ட்டேஜ் சரியாகவே இருக்கும், கெப்பாசிட்டர் உச்சத்தைப் பிடித்து வைத்திருப்பதால். லோடு கொடுத்தால் சரியும். ஹெர்ட்ஸ் அளக்கும் மீட்டரோ ஸ்கோப்போ இருந்தால் அலை 100க்குப் பதில் 50 காட்டும். டிரான்ஸ்ஃபார்மரும் வழக்கத்தைவிடக் கரகரப்பாக உறுமிச் சூடாகும், ஒரு பக்கக் கரண்ட் மட்டும் ஓடுவதால் கோர் நிறைந்துவிடுகிறது. சிற்றலை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு: 5 ஆம்பியர், 10,000 மைக்ரோ ஃபாரட், 100 ஹெர்ட்ஸ் என்றால் உச்சத்திலிருந்து பள்ளம் வரை அதிகபட்சம் 5 வோல்ட். அதைவிடக் கூடுதலாக இருந்து, ஹெர்ட்ஸ் 100ஆகவே நின்றால் குற்றம் ரெக்டிஃபையரில் இல்லை, கெப்பாசிட்டர் வற்றிவிட்டது.

ஷார்ட் என்றால் கதையே வேறு. ஏசி-1க்கும் பிளஸுக்கும் இடையே உள்ள டயோடு ஷார்ட் ஆகிவிட்டது என்று வைப்போம். ஏசி-2 உயரும் அரைச் சுற்றில் கரண்ட் ஏசி-2இன் டயோடு வழியாகப் பிளஸுக்கு ஏறி, ஷார்ட் வழியாக நேரே ஏசி-1க்கு இறங்கும். லோடே இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட். ஃபியூஸ் சரியான அளவில் இருந்தால் அது போகும். யாராவது தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் அந்த இரண்டாவது டயோடும் போகும். அதனால்தான் செத்த கட்டைகளில் மேல் ஜோடியோ கீழ் ஜோடியோ சேர்ந்தே ஷார்ட்டாகி, ஏசி-ஏசி இடையே பூஜ்யம் காட்டுவதை அடிக்கடி பார்க்கலாம்.

கட்டையை மாற்றியதும் நேராக லைனில் சொருகாதீர்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா பாருங்கள், அதற்குள் ஏசி நுழைந்திருக்க வாய்ப்புண்டு. பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் லைன் பக்கத்தில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் கெப்பாசிட்டர் நிறைந்துவிட்டது, எல்லாம் நலம். பளிச்சென்றே நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது, புதுக் கட்டை பிழைத்தது பல்பின் புண்ணியத்தில்.

மின்சாரத்தை மிக வேகமாக ஆன்-ஆஃப் செய்து மாற்றும் ஸ்விட்ச் மோட் சப்ளையின் வெளியீட்டுப் பக்கத்துக்கு மட்டும் இதை யாரும் வாங்க வேண்டாம். இது 50, 60 ஹெர்ட்ஸுக்கான சாதாரண வேக டயோடு. பல ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒவ்வொரு முறையும் மூடுவதற்குள் தலைகீழ்க் கரண்ட் ஓடிவிடும், சில நிமிடங்களில் தொட முடியாத சூடு. அங்கே ஃபாஸ்ட் ரெக்கவரி டயோடுதான். நாலு ஆம்பியருக்குள் அடங்கும் சின்னப் பெட்டிகளுக்கும் இது தேவையில்லை, போர்டிலேயே நிற்கும் சின்ன பிரிட்ஜ்கள் இடத்தை மிச்சப்படுத்தும். 10 முதல் 20 ஆம்பியர் வரை, 12 வோல்ட்டுக்கு மேல், லைன் ஹெர்ட்ஸில் என்றால் கேபிபிசி3510ஐத் தயங்காமல் போடலாம். பொருத்தி முழு லோடில் அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, லைனிலிருந்து பிரித்த உடனே தெர்மாமீட்டர் புரோப்பை அடித்தகட்டின் ஓரத்தில் வையுங்கள். 90 டிகிரிக்குக் கீழே நின்றால் பெட்டியை மூடலாம்.